கன்னியம்மாவுக்கு எண்பது கிராம்

போன மாதம் அடையாற்றிலிருந்து இரண்டு பெண்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் உணவுப் பிரிவில் வேலை பார்ப்பவர்கள். தங்கள் ஆண்டு மலருக்கு என் அனுபவத்தை எழுதித் தரவேண்டும் என்று கேட்டார்கள். பேச்சுவாக்கில் ஒருத்தி அலுத்துக்கொண்டாள்.

"நாங்க கணக்குப் போட்டுத்தான் மேடம் தர்றோம். மாவுச்சத்து இவ்வளவு, புரதம் இவ்வளவு, கொழுப்பு இவ்வளவுன்னு. பேஷண்ட்தான் ஒத்துழைக்கிறதில்லை."

இந்த வாக்கியத்தை நானும் ஒரு முறை எழுதியிருக்கிறேன். நாற்பது வருஷம் கழித்தும் அதை நினைத்தால் காது சுடுகிறது. அதனால்தான் எழுத ஒப்புக்கொண்டேன். மலருக்கு ஏற்றபடி மெத்தென்று எழுத எனக்கு வராது. பிடிக்காவிட்டால் முழுக் கட்டுரையையும் தூக்கிப் போடட்டும். நடுவில் வெட்டக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன்.

என் பெயர் கதீஜா. மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் என் அத்தா புத்தகம் பைண்டு செய்யும் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடத்துப் புத்தகங்கள், கோர்ட்டுக் கட்டுகள், கோயில் பஞ்சாங்கங்கள் எல்லாம் அவரிடம் வரும். பைண்டுக்கு வந்த புத்தகங்களைப் படித்தே நான் இன்டர்மீடியட் பாஸ் செய்தேன் என்று அவர் சொல்லிக்கொள்வார். பிறகு மலையில் இருந்த ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் ஆறு மாதம் உணவுப் பயிற்சி. எந்தத் தானியத்தில் என்ன சத்து, எந்தக் கீரையில் எவ்வளவு என்று அட்டவணை அட்டவணையாக உருப்போட்டதைத் தவிர அந்த ஆறு மாதத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

யுத்தம் முடிந்தும் முடியாமலும் இருந்த சமயம் அது. அரிசிக்கு ரேஷன். மயிலாப்பூரில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை கிடைத்தது. நாற்பது கட்டில். நோயாளிகளுக்குச் சாப்பாடு இலவசம். பக்தியுள்ள குடும்பங்கள் சேர்ந்து நடத்தியதால் சமையல் முழுக்கச் சைவம். மீன், முட்டை, இறைச்சி எதுவும் கேட்டுக்குள் வரக் கூடாது என்று வாசலிலேயே பலகை மாட்டியிருந்தது. பலகையைப் பார்த்துவிட்டுத்தான் வேலையில் சேர்ந்தேன். அதன்மேல் எனக்குப் புகார் இருந்ததில்லை. என் வீட்டிலும் வாரத்தில் ஒரு நாள்தான் மீன்.

எனக்கு மேலதிகாரி டாக்டர் நாராயணன். அதிர்ந்து பேசமாட்டார். ஒரு முனை சிவப்பு, ஒரு முனை நீலம் உள்ள பென்சில் எப்போதும் கையில் இருக்கும். ரவுண்ட்ஸ் வரும்போது நோயாளியின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் கட்டிலடியில் இருக்கும் தட்டைப் பார்ப்பார். சேர்ந்த முதல் நாள், ஒரு நோயாளிக்கு நான் கொடுத்த சாப்பாட்டின் கணக்கைப் பெருமையாக நீட்டினேன். வாங்கிப் படித்தார்.

"நீ போட்டது இவ்வளவு. வயித்துக்குள்ள எவ்வளவு போச்சு?"

 தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

மறுநாளிலிருந்து நான் செய்த வேலை இது. முதலில் காலித் தட்டை நிறுப்பேன். சாதம் போட்டு நிறுப்பேன். பருப்பு ஊற்றி நிறுப்பேன். காய் வைத்து நிறுப்பேன். சாப்பிட்டு முடித்ததும் மிச்சம் இருப்பதைப் பிரித்து, சாதம் தனி, காய் தனி என்று மறுபடி நிறுத்துக் கழிப்பேன். உள்ளே போன அவுன்ஸை அட்டவணையோடு ஒப்பிட்டு மாவுச்சத்து, புரதம், கொழுப்பு என்று மூன்று பத்திகளில் எழுதுவேன். கீழே கூட்டல். டாக்டர் நிர்ணயித்த அளவு எட்டியிருந்தால் நீலக் கோடு போடுவார், குறைந்தால் சிவப்பு. சமையல்காரர் வைத்தா முதல் வாரம் முழுக்க என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"எச்சத் தட்டைத் தராசுல வெக்கற பொண்ணை இப்பதான் பார்க்கறேன். எங்காத்துல சொன்னா நம்ப மாட்டா."

நான் நிறுத்தவில்லை. ஒரு மாதத்தில் அவரே எனக்காகச் சாதத்தை ஒரே அளவுக் கிண்ணத்தில் அழுத்தி வார்க்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் கன்னியம்மா வந்தாள். நொச்சிக்குப்பத்துப் பெண். மூன்றாவது பிள்ளை பிறந்து நாலு மாதம். கால் இரண்டும் தூண் மாதிரி வீங்கி, முகம் பளபளவென்று உப்பி, மேல்கை மட்டும் குச்சியாக இருந்தது. டாக்டர் அவள் முழங்காலுக்குக் கீழே கட்டை விரலை வைத்து அழுத்தி எடுத்தார். பதிந்த குழி வெகுநேரம் அப்படியே நின்றது. சிறுநீரைப் பார்த்தார், இருதயத்தைக் கேட்டார். இரண்டும் சரி.

"சாப்பாடு இல்லாம வந்த வீக்கம். புரதம் எண்பது கிராம் உள்ள போகணும். தினம்" என்றார்.

மீன்காரிக்கு மீன் இல்லாமல் போகுமா என்று கேட்டால், போகும். புருஷன் பிடித்து வரும் மீனைக் கன்னியம்மாவும் அவள் நாத்தனார் முனியம்மாவும் கூடையில் வைத்து ஆழ்வார்பேட்டை வரை நடந்து விற்பார்கள். வயிற்றுக்கு அரிசி வேண்டுமே. மீனெல்லாம் அரிசியாகி, அரிசியெல்லாம் கஞ்சியாகி, அந்தக் கஞ்சியும் பிள்ளைகள் குடித்த பிறகு மிஞ்சினால்தான் அவளுக்கு.

எங்கள் ஆஸ்பத்திரியில் இந்த மாதிரி வீக்கத்துக்கு ஒரே வழி, பால். பாலுக்குத் தட்டுப்பாடு இருந்தும் டாக்டர் எழுதினால் கிடைக்கும். தினம் இரண்டு படிக்குக் குறையாமல் பிரித்துப் பிரித்துக் கொடுத்தேன். கன்னியம்மா மிச்சம் வைக்கமாட்டாள். டம்ளர் காலியாகத் திரும்பும். என் கணக்கில் எண்பது கிராமுக்கு மேலேயே போயிற்று. நாலு நாள் நீலக் கோடு.

ஆனால் வீக்கம் வடியவில்லை. ஐந்தாம் நாள் அவள் எழுந்து உட்காரவே சிரமப்பட்டாள்.

என் கணக்கு தப்பாது என்று நம்பினேன். அப்படியானால் அவள்தான் ஏமாற்றுகிறாள். பாலை யாருக்கோ ஊற்றிக் கொடுக்கிறாள், சாப்பாட்டோடு தரும் கடலையை மடியில் கட்டிப் பிள்ளைகளுக்கு அனுப்புகிறாள். தாளின் அடியில் எழுதினேன்: 'நோயாளி ஒத்துழைக்கவில்லை.' மறுநாள் ஆயா அவளைக் கைத்தாங்கலாகக் குளிக்க அழைத்துப் போனபோது கட்டிலடியில் இருந்த அவள் மூட்டையை அவிழ்த்தேன். ஒரு சீப்பு, மாற்றுச் சேலை, குழந்தையின் கறுப்பு மணி வளையல் ஒன்று. வேறொன்றுமில்லை. மூட்டையைக் கட்டுவதற்குள் அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"இன்னாம்மா தேடுறே?"

மூட்டையின் முடிச்சை இறுக்கினேன்.

"துன்றதை ஒளிச்சு வெச்சுக்கினு கீறேன்னு நெனைச்சியா?"

"நீ குடிக்கிற பால் எங்க போகுதுன்னு தெரியலை, கன்னியம்மா."

அவள் சுவரைப் பிடித்தபடி மெதுவாக வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். கோபப்படவில்லை. கோபப்பட அவளிடம் தெம்பு இல்லை.

"பொறந்ததுலேர்ந்து பால் குடிச்சதில்லம்மா நானு. எங்க குப்பத்துல யாரு குடிப்பா? நீ ஆசையா குடுக்குறே, வேணாம்னு எப்டி சொல்றது? கண்ணை மூடிக்கினு முழுங்குறேன். அரை அவர்ல வயிறு கலக்கிக்கினு எல்லாம் போயிடுது. ராவு பகல்னு இல்ல. ஆயாவைக் கேட்டுப் பாரு."

ஆயாவைக் கேட்டேன். ஆமாம் என்றாள். யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை என்றாள்.

உள்ளே போனதை நிறுத்தேனே தவிர, உள்ளே தங்கியதா என்று ஒரு நாளும் கேட்கவில்லை. கன்னியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். "சரி போ, வுடு" என்றாள். முந்தின நாள் எழுதிய தாளை எடுத்து அந்த வரியை எழுத்து தெரியாதபடி அடித்தேன்.

டாக்டரிடம் தாளை நீட்டினேன். பால் அவருடைய உத்தரவு. இதுவரை அவர் உத்தரவை யாரும் திருத்தியதில்லை. நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டுச் சிவப்பு முனையால் 'பால்' என்ற சொல்லின் மேல் ஒரு கோடு இழுத்தார். தான் தவறு செய்ததாக அவர் வாயால் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார்.

"பாலை எடுத்தாச்சு. எண்பது கிராம் எங்கேர்ந்து வரும்?"

"தேடறேன் டாக்டர்."

"நாளைக்கு ரவுண்ட்ஸுக்குள்ள தேடு."

சுண்டல் கொடுத்துப் பார்த்தேன். நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லை, வயிறு உப்பிக்கொண்டது. தயிரின் வாசனையே அவளுக்குக் குமட்டியது. பருப்பிலேயே கணக்கை நிரப்பப் போனால் அந்தச் சின்ன வயிறு கொள்ளாத அளவுக்குப் பருப்பு வந்தது. வேண்டியது, கையளவில் அடங்கி நிறையப் புரதம் தரும் பண்டம். அவள் வயிற்றுக்குப் பழகியதாகவும் இருக்கவேண்டும்.

சாயங்காலம் நொச்சிக்குப்பத்துக்கு நடந்தேன். முனியம்மா கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மணலில் நெத்திலி காயப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை பெத்தவளுக்கு நீங்க என்ன குடுப்பீங்க?" என்று கேட்டேன்.

"இருந்தா இதான்" என்று மணலைக் காட்டினாள். "வறுத்து இடிச்சு கூழ்ல போட்டுக் குடுப்போம். இப்ப எங்க கீது? எல்லாம் விக்கத்தான் போவுது."

அட்டவணையில் ஏற்கெனவே பார்த்திருந்தேன். ஓர் அவுன்ஸ் காய்ந்த நெத்திலியில், ஒரு பெரிய டம்ளர் பாலில் இருப்பதைப்போல் இரண்டு பங்கு புரதம். செய்முறையைக் கேட்டு எழுதிக்கொண்டேன். மணல் போக மூன்று தண்ணீரில் அலசவேண்டும். தலையைக் கிள்ளவேண்டும். எண்ணெய் இல்லாத சட்டியில் நொறுங்கும்வரை வறுக்கவேண்டும். இடித்துச் சலித்து, கேழ்வரகுக் கூழில் ஒரு பிடி.

மறுநாள் டாக்டர் என் புதுத் தாளைப் படித்தார். சாதமும் கூழும் சேர்த்து இருபது கிராம், பொட்டுக்கடலை பன்னிரண்டு, வேர்க்கடலை ஏழு, பருப்பு ஆறு, நெத்திலி இரண்டு அவுன்ஸ், முப்பத்தைந்து. கூட்டினால் எண்பது.

"உப்பு?" என்றார். "கருவாட்டு உப்பு வீக்கத்தை ஏத்தும்."

"இவளுக்குன்னு உப்புப் போடாம காயவெச்சுத் தர்றதா நாத்தனார் சொல்லியிருக்காங்க."

 "வைத்தியம் சரி. பலகை இருக்கே" என்றார். நீலக் கோடு போட்டுக் கையெழுத்திட்டார். "காரியதரிசியைக் கேட்டுடு."

காரியதரிசி, ஆஸ்பத்திரியின் நிர்வாகத்தைக் கவனித்த ரிட்டயர்டு வக்கீல். கெட்ட மனுஷர் அல்ல. அவர் இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிக்கு அரிசி வந்திருக்காது. தாளில் 'நெத்திலி' என்ற சொல்லில் விரலை வைத்தார்.

"உங்காத்து வழக்கத்தை இங்க கொண்டு வராதேம்மா."

"இது எங்க வீட்டு வழக்கம் இல்லை சார். இந்த நோயாளிக்கு மருந்து."

"கேட்டுக்குள்ள வரக் கூடாது. அவ்வளவுதான்."

வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாமே என்று நீங்கள் கேட்கலாம். கேட்டோம். அங்கே கட்டில் காலியாக ஒரு வாரம் ஆகும் என்றார்கள். கன்னியம்மாவுக்கு ஒரு வாரம் இல்லை.

கேட்டுக்குள் வரக் கூடாது. அவர் சொன்னது அவ்வளவுதானே?

மறுநாள் விடியற்காலை, முனியம்மாவிடம் வாங்கிய நெத்திலியை வீட்டில் வறுத்து இடித்துக் கூழில் கலந்து தூக்குப் பாத்திரத்தில் எடுத்துப் போனேன். கேட்டுக்கு வெளியே நடைபாதையில் ஒரு வேப்பமரம். பாத்திரத்தை மரத்தடியில் வைத்து, அதன் பக்கத்தில் முனியம்மாவைக் காவலுக்கு உட்காரவைத்தேன். வார்டுக்குப் போய்க் கன்னியம்மாவைச் சக்கர நாற்காலியில் ஏற்றி, தாழ்வாரம் வழியாக, பலகையைத் தாண்டி, தெருவுக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். தராசையும் அவள் மடியில் வைத்திருந்தேன்.

கோயிலுக்குப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஒரு கைரிக்‌ஷாக்காரர் வண்டியை நிறுத்தினார்.

"இன்னாம்மா, ஆஸ்பத்திரி ரோட்டுக்கு வந்துச்சா?"

"வந்துடுச்சு நைனா" என்றாள் கன்னியம்மா. அவள் வந்ததிலிருந்து அன்றுதான் சிரித்துப் பார்த்தேன். கிண்ணத்தை நான் நீட்டுவதற்கு முன் அவளே வாங்கிக்கொண்டாள். வழித்துக் குடித்தாள். காலிக் கிண்ணத்தை நிறுத்து எழுதினேன். அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். வயிறு கலக்கவில்லை.

மத்தியானம் சாதமும் பருப்பும் வேண்டியிருந்தது. வைத்தாவிடம் போய் நின்றேன். அவருக்குச் செய்தி முன்பே எட்டியிருந்தது.

"அந்தப் பொடியை நான் தொடமாட்டேன். அந்த வாசனைக்குக் கிட்டக்கூட வரமாட்டேன்" என்றார். பிறகு அளவுக் கிண்ணத்தை எடுத்தார். "சாதமும் பருப்பும் என் பொறுப்பு. அதைக் கேட்டு வரைக்கும் கொண்டுவந்து வெச்சுட்டுப் போறேன். சாதம் வெளியில போகக் கூடாதுன்னு பலகை இல்லையே."

பன்னிரண்டு நாள். காலை, மதியம், நாலு மணி என்று தினம் மூன்று முறை. மழை பெய்த ஒரு நாள் அந்த ரிக்‌ஷாக்காரர் வண்டியை ஓரமாக நிறுத்திப் படுதாவை இறக்கி, அதற்குள் அவளை உட்காரவைத்துக் கொடுத்தார். தெருவில் பாதிப் பேர் என்னைத் திட்டினார்கள். மீதிப் பேர், இன்று கன்னியம்மா எவ்வளவு சாப்பிட்டாள் என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஆறாம் நாள் காரியதரிசி வார்டுக்கு வந்தார். எடைத் தாளை எடுத்துப் பார்த்தார். வந்த நாளைவிடப் பத்து ராத்தல் குறைந்திருந்தது.

"இதுதான் உன் வைத்தியமா? மீனைக் குடுத்துக் குடுத்து இளைக்க வெச்சிருக்கே. நாளையிலேர்ந்து நாற்காலி வெளியில போகக் கூடாது."

நான் பதில் சொல்வதற்குள் டாக்டர் நாராயணன் உள்ளே வந்தார். வழக்கமான மெல்லிய குரலில், "போனது சதை இல்லே சார், தண்ணி. காலைத் தொட்டுப் பாருங்கோ" என்றார்.

காரியதரிசி தயங்கினார்.

"தொடுங்கோ. கட்டை விரலால அழுத்துங்கோ."

அழுத்தினார். விரலை எடுத்தார். குழி விழவில்லை. கன்னியம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வெளியே போனார். நாற்காலியைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை.

பதின்மூன்றாம் நாள் அவள் நடந்தே வீட்டுக்குப் போனாள். முனியம்மா கொண்டுவந்த குழந்தையை வாங்கித் தானே இடுப்பில் வைத்துக்கொண்டாள். போகும்போது என்னிடம், "பொடியில மொளகாய் போடாம துன்ன வெச்சுட்டியேம்மா, அதான் உன்மேல கோவம்" என்றாள்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக் கமிட்டி என்னைக் கூப்பிட்டது. மேஜைக்குப் பின்னால் நாலு பேர். டைப் அடித்த கடிதம் ஒன்றை என் பக்கம் தள்ளினார்கள். விதியை மீறியதற்கு வருந்துகிறேன், இனி இப்படி நடக்காது என்று இங்கிலீஷில் இரண்டு வரி.

"கையெழுத்துப் போட்டுடு. உன் வேலைக்கு நான் பொறுப்பு" என்றார் காரியதரிசி. நிஜமான கரிசனத்தோடுதான் சொன்னார்.

"விதியை நான் மீறலை சார். எதுவும் கேட்டுக்குள்ள வரலை."

"சரி, அந்த வரியை அடிச்சுடலாம். ரெண்டாவது வரிக்குக் கையெழுத்துப் போடு."

"இனி நடக்காதுன்னு எழுதியிருக்கீங்க. நாளைக்கு இவளை மாதிரி இன்னொருத்தி வந்தா நடக்கும். பொய்யா எப்படிக் கையெழுத்துப் போடறது?"

பேனாவை மூடி மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன். அன்றோடு அந்த வேலை போயிற்று. அப்போது அழுதேனா என்று கேட்காதீர்கள். அழுதேன். ஆனால் கையெழுத்துப் போட்டிருக்கலாமே என்று அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை.

தாழ்வாரத்தில் டாக்டர் நாராயணன் ஓர் உறையைக் கொடுத்தார். சர்க்கார் ஆஸ்பத்திரி ஒன்றில் இருந்த தன் நண்பரான சூப்பரின்டெண்டெண்டுக்கு எழுதியிருந்தார். ஒட்டாத உறை, நான் படிக்கவேண்டும் என்றே ஒட்டவில்லை. 'இந்தப் பெண் கணக்கு சரியாகப் போடுவாள். கீழ்ப்படிய மாட்டாள். எனக்கு இரண்டும் உதவின.'

அதை எடுத்துக்கொண்டு மறுநாளே போனேன். சூப்பரின்டெண்டெண்ட் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். இரண்டு முறை படித்தார்.

"எந்த விஷயத்துல கீழ்ப்படியலை?" என்று கேட்டார்.

உட்காரச் சொல்லாததால் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மூட்டையை அவிழ்த்ததையும் மறைக்கவில்லை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் எழுந்து உள்ளே போய், சமையல் சாமான் வைக்கும் அறையின் சாவியை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார்.